வேரும் வழக்கும் கண்ட சொல்லறிஞர் சாமுவேல் ஜோன்சன்

சொற்களை அறிந்தவர் பலர். சொற்களின் எல்லையை அறிந்தவர் சிலரே. ஒரு கருத்தைக் கூறப் புகும்போது நாவில் முதலில் வந்து நிற்கும் சொல்லை எடுத்தாளுதல் எவர்க்கும் எளிது. அக்கருத்துக்கு உரிய சொல் அதுதானா, அதன் அருகே நிற்கும் பிறிதொன்றா என்று நின்று நோக்குதல் அரிது. அவ்வாறு நோக்குவார்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, சொல்லின் வேரை ஆராய்தல்; அஃது எம்மொழியில், எப்பொருளில் முளைத்தது என்று காணுதல். மற்றது, சொல் நிற்கும் இடத்தை ஆராய்தல்; முன்னும் பின்னும் வரும் சொற்கள் அதற்கு எப்பொருளை அளிக்கின்றன என்று காணுதல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபடுமாயின் எதனைக் கொள்வது? இவ்வினா இன்றும் வகுப்பறைகளில் எழுவதே. இதற்கு விடை காணுதற்குத் தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கொடுத்தவர், ஆங்கில மொழியின் பேரகராதியை ஆக்கிய சாமுவேல் ஜோன்சன் என்னும் பெரியார்.

புத்தகக் கடையிற் பிறந்தவர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லிச்பீல்ட் என்னும் சிறு நகரில், 1709ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆந் திகதி, புத்தக வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தந்தையாரின் கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தன. புத்தகங்கள் நிறைந்த அவ்வீட்டிற் செல்வம் நிறைந்திருக்கவில்லை. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் அவரைப் பற்றியது. ஒரு கண்ணின் பார்வை பெரிதும் மங்கியது, செவிப்புலனும் குறைந்தது, முகத்தில் வடுக்கள் வாழ்நாள் முழுதும் நிலைத்தன. அரசியின் கை பட்டால் அந்நோய் நீங்கும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அதனால் 1712ஆம் ஆண்டில் தாயார் அவரை இலண்டனுக்குக் கொண்டுசென்று ஆன் அரசியின் முன் நிறுத்தினார். நோய் நீங்கவில்லை.

லிச்பீல்ட் பாடசாலையில் இலத்தீன் மொழி பிரம்பின் துணையோடு புகட்டப்பட்டது. அப்பிரம்பு இல்லாதிருந்தால் தாம் ஒன்றும் கற்றிருக்கமாட்டார் என்றே பிற்காலத்தில் அவர் கருதினார். ஆயினும் அவரை உண்மையில் ஆக்கியது தந்தையாரின் கடைதான். பாடசாலையை விட்டு நின்ற காலத்தில் அங்கே கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் அவர் படித்தார். படித்தவற்றுட் பெரும்பாலானவை இலத்தீன் நூல்கள்.

1728ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். புலவர் போப் இயற்றிய ஒரு கவிதையை அங்கே இலத்தீனில் மொழிபெயர்த்துப் பாராட்டுப் பெற்றார். புலமை வளர்ந்ததேயன்றிப் பணம் வளரவில்லை. கிழிந்த காலணியோடு அவர் நடமாடுவதைக் கண்ட ஒருவர், புதிய காலணி ஒரு சோடியை அவருடைய அறை வாயிலில் யாரும் அறியாமல் வைத்துச் சென்றார். ஜோன்சன் அவற்றைச் சினத்தோடு தூக்கி எறிந்துவிட்டார். பதின்மூன்று மாதங்களுக்குப்பின் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

1735ஆம் ஆண்டில், தம்மினும் ஏறத்தாழ இருபது வயது மூத்த எலிசபெத் என்னும் கைம்பெண்ணை அவர் மணந்தார். மனைவியாரின் பொருளைக்கொண்டு தொடங்கிய பாடசாலைக்கு மாணவர் மிகச் சிலரே வந்தனர். அச்சிலருள் ஒருவர் பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகராய் விளங்கிய டேவிட் கரிக். பாடசாலை நிலைக்கவில்லை. 1737ஆம் ஆண்டில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகவே இலண்டனை நோக்கிப் புறப்பட்டனர். அங்கே பத்திரிகைகளுக்குக் கூலிக்கு எழுதி ஜோன்சன் காலங் கழித்தார்.

ஆறு என்று காட்டிய வேர்

1746ஆம் ஆண்டு ஜூன் மாதம், இலண்டன் புத்தக வணிகர் சிலர் கூடி, ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்றை ஆக்கித் தருமாறு ஜோன்சனோடு உடன்படிக்கை செய்தனர். கூலி 1,500 கினி. உதவியாளரின் சம்பளமும் அதற்குள்ளேயே அடங்கும். அதற்கு முன்னரும் ஆங்கிலத்தில் அகராதிகள் இருந்தன. 1721ஆம் ஆண்டில் வெளிவந்த நதானியல் பெய்லியின் அகராதி பலர் கையில் வழங்கியது. எனினும் அவற்றிற் காணும் பொருள் விளக்கங்கள் பெரும்பாலும் மிகச் சுருங்கியவை. ஒத்த சொல் ஒன்றைக் காட்டி நின்றுவிடுவனவும் பல. பிரெஞ்சு மொழிக்கோ நாற்பது அறிஞர் கொண்ட கழகம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து 1694ஆம் ஆண்டில் அகராதி வெளியிட்டிருந்தது. அத்தகைய பணியைத் தாம் ஒருவரே மூன்று ஆண்டுகளில் முடிப்பதாக ஜோன்சன் வாக்களித்தார்.

1747ஆம் ஆண்டில் தம் திட்டத்தை விளக்கும் சிறு நூலொன்றை எழுதி, மொழிநயம் மிக்கவர் என்று புகழ்பெற்ற செஸ்டர்பீல்ட் பிரபுவை முன்னிலைப்படுத்தி வெளியிட்டார். அத்திட்டத்தின் உயிர் இலத்தீன் கற்றவரின் ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு சொல்லுக்கும் வேரிலிருந்து தோன்றிய இயற்பொருள் ஒன்று உண்டு. அதனை முதலில் நிறுத்தினால், பிற பொருள்கள் கிளைகள்போல அதிலிருந்து முறையாக விரியும். இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று 'அரைவ்' என்னும் சொல். இலத்தீனில் 'ரிப்பா' என்பது கரை. ஆதலால் 'அரைவ்' என்பதன் முதற்பொருள், கடலோடி வந்தவர் கரையை அடைதல். அதிலிருந்து, நிலவழியாயினும் நீர்வழியாயினும் ஓரிடத்தை அடைதல் என்னும் பொருள் பிறந்தது. அதிலிருந்து, விரும்பிய பதவியையோ பேற்றையோ அடைதல் என்னும் பொருள் பிறந்தது. வேரை அறிந்தவன், ஒருவன் செல்வ நிலையை 'அடைந்தான்' என்று ஆங்கிலத்தில் அச்சொல்லாற் கூறும்போது, அங்கே ஒரு கடலும் ஒரு கரையும் மறைந்து நிற்பதைக் காண்பான். எத்துணை அழகிய ஒழுங்கு! எல்லாச் சொற்களும் இவ்வண்ணமே அடங்கும் என்றும், மொழியை ஒரு நிலையில் நிறுத்திக் காக்கலாம் என்றும் அப்போது ஜோன்சன் எண்ணினார்.

கூரையடி அறையில்

இலண்டனில் கௌ சதுக்கம் என்னும் இடத்தில் 17ஆம் இலக்க வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் கூரையடி அறையைத் தொழிற்கூடமாக்கினார். அவ்வீடு இன்றும் நினைவு இல்லமாக நிற்கின்றது. ஆறு எழுத்தர் அங்கே அவருக்கு உதவினர், அவர்களுள் ஐவர் ஸ்கொட்லாந்தினர், அனைவரும் வறியவர். அவ்வறியவர்க்கு இன்னொரு வறியவர் தலைவர். வேலை முடிந்து பல ஆண்டுகள் கழிந்தபின்னும் அவர்களை ஜோன்சன் மறக்கவில்லை. ஒருவர் இறந்தபோது அடக்கச் செலவைத் தாமே ஏற்றார்.

வேலை நடந்த முறை இது. ஜோன்சன் நல்லாசிரியரின் நூல்களை எடுத்துப் படிப்பார். ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், பேக்கன், ஹூக்கர், திருமறை மொழிபெயர்ப்பு என அப்பட்டியல் நீளும். ஒரு சொல்லின் பொருள் எந்த வாக்கியத்தில் தெளிவாக விளங்குகின்றதோ, அவ்வாக்கியத்தைக் கோடிட்டு, அச்சொல்லின் முதலெழுத்தை ஓரத்தில் குறிப்பார். எழுத்தர் அவ்வாக்கியத்தைப் பெயர்த்தெழுதி அகரவரிசையிற் சேர்ப்பர். நண்பரிடம் இரவல் வாங்கிய நூல்களும் இக்கோடுகளுக்குத் தப்பவில்லை. அவை உருக்குலைந்தே உரியவரிடம் மீண்டன என்பர்.

அகராதிக்கு மேற்கோள் திரட்டுவது சான்றுக்காக மட்டுமன்று. சொல்லைத் தனியே பிடுங்கி வைத்தால் அது வாடிவிடும்; அது வளர்ந்த மண்ணோடு பெயர்த்து வைத்தால் உயிரோடு நிற்கும். இவ்வுண்மையை அவர் முதலிற் கருத்தளவில் அறிந்திருந்தார். அதன் முழு வலியையும் பின்னரே உணர்ந்தார்.

வேருக்கு அடங்காத சொற்கள்

வேலை தொடங்கிச் சில ஆண்டுகளில் இடையூறு நேர்ந்தது. வேரையும் அதிலிருந்து விரியும் பொருள்களையும் முன்னரே வகுத்து எழுதி, மேற்கோள்களுக்கு இடம் விட்டு வைத்த கையெழுத்துப் படியில், திரண்டு வந்த வாக்கியங்கள் அடங்கவில்லை. எதிர்பாராத பொருள்கள் எழுந்தன. ஒரு பொருளுக்கும் மற்றொரு பொருளுக்கும் இடையே மூன்றாவது ஒன்று நுழைந்தது. விட்ட இடம் போதவில்லை. பெரும்பொழுதும் பெரும்பொருளும் செலவிட்ட அப்படியைக் கைவிட்டு, ஏறத்தாழ 1750ஆம் ஆண்டளவில் ஜோன்சன் வேலையை மறுபடியும் தொடங்க வேண்டியவரானார். வாக்களித்த மூன்று ஆண்டுகள் கழிந்தன. வணிகர் பொறுமை இழந்தனர். வாங்கிய பணமும் கரைந்துகொண்டிருந்தது.

அவரை வருத்தியவை அரிய சொற்கள் அல்ல. நாள்தோறும் வழங்கும் எளிய வினைச்சொற்களே. எடுத்தல், கொள்ளுதல் எனப் பொருள்படும் 'டேக்' என்னும் சிறு சொல்லுக்கு 134 பொருள்களை அவர் பிரித்துக் காட்டினார். அவற்றைப் பிரித்தறிவதற்கு வேர் உதவாது. பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லும், பின்னே ஒட்டும் இடைச்சொல்லுமே உதவும்.

இலத்தீன் வேரை உடைய சொற்களும் சில வேளை அவரைக் கைவிட்டன. 'ஆடர்' என்னும் சொல் எரிதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கில நூல்களிலோ அது மன எழுச்சியையே பெரிதும் குறித்தது. 'பிளேக்ரன்ட்' என்பதும் எரிதலினின்று வந்ததே. ஆனால் எரிகின்ற பொருள் எதனையும் அச்சொல்லால் ஆங்கிலேயர் சுட்டக் காணோம். வெளிப்படையான கொடுஞ்செயலுக்கே அஃது அடையாயிற்று. இவ்விடங்களில் இயற்பொருளை முதலில் நிறுத்தி, அதற்கு வழக்குச் சான்று இன்மையையும் ஒளியாமற் காட்டினார் ஜோன்சன். பிற பொருள்கள் எவ்வழி வந்தன என்பதை விளக்கவே வேரை அங்கே வைத்ததாக முன்னுரையில் காரணமும் கூறினார்.

'பிரிவென்ட்' என்னும் சொல் இன்னும் வியப்பானது. இலத்தீனில் அதன் பொருள் முன்னே வருதல். முன்சென்று வழிகாட்டுதல் என்னும் பொருளில் இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய மன்றாட்டு நூலில் அச்சொல் பயில்கின்றது. பிற்கால வழக்கிலோ முன்னே வந்து மறித்தல், அதாவது தடுத்தல், என்பதே அதன் பொருள். பிற்காலப் பொருளை மட்டும் அறிந்த மாணவன் அம்மன்றாட்டைப் படித்தால், அடியார் தம்மைத் தடுக்குமாறு கடவுளை வேண்டுவதாகவே கொள்வான். வேரை மட்டும் அறிந்தவன் அக்காலச் செய்தித்தாளைப் படித்தாலும் இடறுவான். ஜோன்சன் இரு பொருளையும் அருகருகே வைத்தார். இடத்தை நோக்கியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் குறிப்பு.

ஒத்த சொற்களைப் பற்றியும் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு சொல்லின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்துவிடுதல் பெரும்பாலும் இயலாது. இரண்டு சொற்கள் முற்றும் ஒத்தல் அரிது. எளிய சொல்லை விளக்க அதனினும் கடிய சொல் வேண்டப்படுவதும் உண்டு. வலைப்பின்னல் எனப் பொருள்படும் 'நெட்வேர்க்' என்னும் சொல்லுக்கு அவர் இலத்தீன் வழிவந்த கடுஞ்சொற்களால் எழுதிய விளக்கம், வலையைக் கண்டவனையும் மயங்கச் செய்வது. அதனைக் கண்டு நகைத்தவர் பலர். அத்தகைய குறைகள் நேரும் என்பதை முன்னுரையில் அவரே முன்கூட்டி அறிவித்துவிட்டார்.

அம்முன்னுரையில் அவர் செய்த பெரிய அறிவிப்பு வேறொன்று. மொழியை மாறாமல் நிறுத்திவைக்கலாம் என்று தாமும் ஒருகால் நம்பியதையும், அது நிறைவேறாத ஆசை என்று அனுபவம் உணர்த்தியதையும் அவர் ஒளிக்கவில்லை. மனிதர் மூத்து மறைவதைத் தடுக்க இயலாதவாறுபோலச் சொற்கள் மாறுவதையும் தடுக்க இயலாது என்பது அவர் முடிபு. திட்டத்தில் ஆணையிட வந்தவர், முன்னுரையில் சான்று கூறுபவராய் நிற்கின்றார்.

ஒரு சொல்லை மாற்றினார்

1752ஆம் ஆண்டு மார்ச் மாதம் மனைவியார் இறந்தார். கூரையடி அறையில் வேலை தொடர்ந்தது. 1754ஆம் ஆண்டின் இறுதியில், அகராதி முடியுந் தறுவாயில் இருக்கின்றது என்று அறிந்த செஸ்டர்பீல்ட் பிரபு, அதனைப் புகழ்ந்து பத்திரிகையில் இரு கட்டுரைகள் வரைந்தார். தொடக்கத்தில் பத்துப் பவுண் கொடுத்ததைத் தவிர, இடையே கழிந்த ஏழு ஆண்டுகளில் அவர் ஜோன்சனைத் திரும்பிப் பார்த்தவரல்லர். 1755ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி ஜோன்சன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வேண்டிய காலத்தில் வாராத துணை, தாமே கரையேறியபின் வருவது சுமை என்பது அதன் கருத்து. பணிவின் எல்லையைக் கடவாமலே பணிய மறுத்த அக்கடிதம் ஆங்கில உரைநடையின் அணிகலன்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

புரவலனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பேட்ரன்'. அது தந்தை எனப் பொருள்படும் 'பாத்தெர்' என்னும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. வேரின்படி புரவலன் தந்தையை ஒத்தவன், காப்பவன். ஜோன்சன் தம் அகராதியில் அச்சொல்லுக்கு ஆதரிப்பவன் என்னும் பொருளைத் தந்ததோடு, அத்தகையோர் பெரும்பாலும் செருக்கோடு ஆதரித்து முகத்துதியைக் கூலியாகப் பெறும் இழிந்தோர் என்னும் கருத்தையும் சேர்த்தார். 1749ஆம் ஆண்டில் அவர் பாடிய 'மனித ஆசைகளின் வீண்மை' என்னும் கவிதையில், கற்றவரைச் சூழும் துன்பங்களை எண்ணும் இடமொன்று உண்டு. அங்கே கூரையடி அறை என்பதும் ஒரு துன்பமாக நின்றது. 1755ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல்லை நீக்கி, அதே இடத்தில் 'பேட்ரன்' என்னும் சொல்லைப் பொறித்தார். வறுமையும் பொறாமையும் சிறையும் சூழ நிற்கும் அவ்விடத்தில், தந்தை என்னும் வேர்ப்பொருள் எங்கே போயிற்று? சொல்லின் பொருளை அது நிற்கும் இடமே தீர்க்கின்றது என்பதற்கு அகராதியின் 134 பொருள்களும் காட்டாத சான்றை இவ்வொரு திருத்தம் காட்டுகின்றது.

வெற்றியும் வறுமையும்

1755ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆந் திகதி இரு பெருந் தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. சொற்கள் 42,773, மேற்கோள்கள் ஏறத்தாழ 1,14,000, விலை நான்கு பவுண் பத்துச் சிலிங். வெளியீட்டுக்குச் சற்று முன்னர், பட்டமின்றி அனுப்பிய ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டத்தை வழங்கியது. புகழ் வந்தது, பணம் முன்னரே செலவாகியிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், ஐந்து பவுண் பதினெட்டுச் சிலிங் கடனுக்காக அகராதியாசிரியர் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி அவரை மீட்டார்.

1762ஆம் ஆண்டில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஆண்டுக்கு 300 பவுண் உதவிச் சம்பளம் அளிக்க முன்வந்தபோது வேறொரு சொல் அவரைத் தடுத்தது. 'பென்சன்' என்னும் சொல் நிறுத்துக் கொடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரினது. ஜோன்சனோ தம் அகராதியில், நாட்டுக்குத் துரோகம் செய்யும் அரசாங்கக் கூலிக்குக் கொடுக்கும் சம்பளமாகவே அதனைப் பொதுவாகக் கருதுவர் என்று எழுதியிருந்தார். அவர் தயங்கினார். இனிச் செய்யப்போகும் எதற்காகவுமன்றிச் செய்து முடித்ததற்காகவே அது வழங்கப்படுகின்றது என்று உறுதி கிடைத்தபின் ஏற்றார். பகைவர் எள்ளி நகையாடினர். விளக்கத்தை அவர் மாற்றினாரல்லர்; 1773ஆம் ஆண்டில் அகராதியைத் திருத்தி நான்காம் பதிப்பை ஆயத்தஞ் செய்தபோதும் அவ்விளக்கம் நின்றது.

1763ஆம் ஆண்டில் அவரைச் சந்தித்த ஜேம்ஸ் பொஸ்வெல் பின்னர் அவர் வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். ஜோன்சனின் பேச்சில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைப் பொஸ்வெல் குறித்துள்ளார். பழைய நாடகம் ஒன்றைப் பற்றி ஜோன்சன் முதலில் எளிய ஆங்கிலச் சொற்களாற் சுருக்கமாகத் தீர்ப்புக் கூறினார். பின் சற்று நின்று, அதே கருத்தை இலத்தீன் வழிவந்த கனத்த சொற்களால் திருப்பிக் கூறினார். அவருடைய பழக்கம் இரண்டாவதை நாடியது. இலத்தீனை நன்கு கற்றவர்க்கு உரிய செல்வமும் அதுவே, சோதனையும் அதுவே.

இறுதிச் சோதனை

1783ஆம் ஆண்டு ஜூன் 17ஆந் திகதி இரவு, உறக்கத்தினின்று விழித்த ஜோன்சன் தம் தலையில் ஏதோ நேர்ந்ததை உணர்ந்தார். பேச்சு அடங்கிவிட்டது. சொற்களால் வாழ்ந்த எழுபத்து மூன்று வயது முதியவர் இருளில் வாய் பேசாது கிடந்தார். அறிவும் அழிந்ததோ என்பதே அவர் அச்சம். அதனை அறிய ஒரு வழி செய்தார்: இறைவனை நோக்கி ஒரு மன்றாட்டை இலத்தீன் செய்யுளாக மனத்துள் ஆக்கினார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. ஆனால் அது சிறப்பாக அமையவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆகவே அறிவு பிழைத்தது என்று தெளிந்தார். விடிந்ததும் எழுதுகோலை எடுத்து அயலவருக்கும் வைத்தியருக்கும் கடிதம் எழுதினார். சில நாட்களிற் பேச்சு மீண்டது.

1784ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆந் திகதி அவர் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளிற் பெரும்பகுதி, யமேக்காவில் அடிமையாய்ப் பிறந்து, அவர் வீட்டில் வளர்ந்து, அவராற் கல்வி பெற்ற பிரான்சிஸ் பாபருக்குச் சேர்ந்தது.

ஜோன்சன் காட்டிய மேற்கோள் முறையை அடிப்படையாகக்கொண்டு, 1857ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டு 1928ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற ஒக்ஸ்போர்ட் பேரகராதி எழுந்தது. அவருடைய வேர் விளக்கங்களுட் பல, பின்வந்த மொழிநூலாராற் பிழையெனத் தள்ளப்பட்டன. சொற்கள் நிற்கும் இடங்களை நோக்கி அவர் எழுதிய பொருள் விளக்கங்களோ பலவாறு பின்வந்தோரால் ஏற்றுப் போற்றப்பட்டன. மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். அறியாச் சொல் ஒன்று எதிர்ப்படும்போது அதன் வேரைக் கேட்பது நன்று. அச்சொல் பிறந்த வீட்டை அது சொல்லும். அதன் பின் வாக்கியத்தையும் கேட்க வேண்டும். அச்சொல் இப்போது வாழும் வீட்டை அதுவே சொல்லும். இரண்டையும் கேட்டபின் தெரிந்தெடுத்த சொல்லே உரிய சொல்லாம்.